டிஸ்னி வேர்ல்டின் பழைய விமான ஓடுபாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டை சாட்டிலைட் படத்தில் பார்ப்பவர்கள், மேஜிக் கிங்டம் பூங்காவின் கார் பார்க்கிங்குக்குத் தென்கிழக்கே மரங்களுக்கு நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரு தார்ப்பட்டை கிடப்பதைக் கவனித்திருப்பார்கள். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன. தனியார் ஓடுபாதையை மூடுவது, மூடியபின் அந்த இடத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது பற்றிய பொதுவான விவரங்களும் இடையிடையே வரும்.

டிஸ்னி வேர்ல்டுக்குள்ள நிஜமாவே ஏர்போர்ட் இருந்துச்சா, இல்ல சும்மா கதையா?

இருந்தது. லேக் புவெனா விஸ்டா ஸ்டோல்போர்ட் என்பது அதன் பெயர். ‘ஸ்டோல்’ என்பது குறைந்த தூரத்தில் ஏறி இறங்கக்கூடிய விமானங்களைக் குறிக்கும் சொல். பூங்கா 1971 அக்டோபர் 1 அன்று திறந்தது. அதே ஆண்டில் ஓடுபாதையும் பயன்பாட்டுக்கு வந்தது. நீளம் 2,000 அடி, அதாவது சுமார் 610 மீட்டர். தார்த் தளம். கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ஓரத்தில் சில சிறு விமானங்கள் நிற்க இடம் இருந்தது. டி.டபிள்யூ.எஸ். என்ற மூன்றெழுத்துக் குறியீடும் அதற்கு உண்டு. பழைய விமான நிலையப் பட்டியல்களில் அந்த எழுத்துகளை இன்றும் பார்க்கலாம், ஆனால் டிக்கெட் எடுக்க முடியாது.

2,000 அடியில விமானம் எப்படி இறங்கும்? நம்ம ஊர்ல சின்ன ஏர்போர்ட்டே அதைவிட ரெண்டு மூணு மடங்கு இருக்கே?

ஜெட் இறங்காது. இங்கே வந்தது கனடாவின் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்த ட்வின் ஆட்டர். 1965-இல் முதன்முதலாகப் பறந்தது. இரண்டு டர்போபிராப் எஞ்சின், 19 இருக்கைகள் வரை. முழு எடையில், 5,670 கிலோவில், புறப்பட்டு 50 அடி உயரத்தைத் தொட அதற்குச் சுமார் 1,200 அடி போதும். இறங்கவும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அப்படியானால் மீதி 800 அடி எதற்கு என்று கேட்கத் தோன்றும். புளோரிடா வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்து இறக்கையின் தூக்குவிசையும் குறையும். மதிய மழையில் தளம் நனைந்தால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். புத்தகத்தில் போட்டிருக்கும் எண் புது விமானத்துக்கும் கைதேர்ந்த சோதனை விமானிக்கும் உரியது. அன்றாடச் சேவைக்கு அந்த 800 அடி தேவைப்படும்.

யார் ஓட்டினாங்க? எங்கிருந்து எங்க போச்சு?

ஷானி ஏர்லைன்ஸ், எக்சிகியூட்டிவ் ஏர்லைன்ஸ் என்ற இரண்டு சிறு நிறுவனங்கள் ஓட்டின. முக்கியமான தடம் ஆர்லாண்டோவின் மெக்காய் ஜெட்போர்ட்டிலிருந்து டிஸ்னிக்கு. மெக்காய் அப்போது விமானப்படைத் தளமாகவும் இருந்தது. அதுதான் பின்னாளில் ஆர்லாண்டோ சர்வதேச விமான நிலையம் ஆனது. இன்றும் அதன் குறியீடு எம்.சி.ஓ. என்றே இருப்பதற்கு மெக்காய் என்ற பெயரே காரணம்.

5,670 கிலோ என்று மேலே சொன்ன எடையும் தற்செயலானது அல்ல. அது 12,500 பவுண்டு. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி எந்த நிறுவனம் எந்தத் தடத்தில் பறக்கலாம் என்பதை அரசு வாரியம்தான் முடிவு செய்யும். 12,500 பவுண்டைத் தாண்டாத விமானம் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அந்த அனுமதியிலிருந்து விலக்கு இருந்தது. ட்வின் ஆட்டர் அந்த வரம்புக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. இத்தகைய சிறு சேவைகள் முளைத்ததற்கு அந்த விலக்கு பெரிய காரணம்.

வால்ட் டிஸ்னி ‘எதிர்கால விமான நிலையம்’னு ஒண்ணு பிளான் பண்ணாராமே, அது இதுதானா?

இல்லை. 1966 அக்டோபரில் எடுத்த புளோரிடா திட்டப் படத்தில் அவர் காட்டிய விமான நிலையம் நிலப்பரப்பின் தெற்குக் கோடியில், ஜெட் விமானங்களுக்காக வரையப்பட்டது. அதே டிசம்பரில் அவர் காலமானார். அந்தப் பெரிய நிலையம் கட்டப்படவே இல்லை. 1967-இல் புளோரிடா சட்டமன்றம் உருவாக்கிய ரீடி கிரீக் மேம்பாட்டு மாவட்டத்துக்கு விமான நிலையம் கட்டும் அதிகாரமே கொடுக்கப்பட்டிருந்தது. கையில் அதிகாரம் இருந்தும் அவர்கள் கட்டியது இந்த 610 மீட்டர் மட்டும்தான். 2023-இல் அந்த மாவட்டம் மத்திய புளோரிடா சுற்றுலா மேற்பார்வை மாவட்டம் என்று மாற்றி அமைக்கப்பட்டது.

அப்புறம் ஏன் இவ்வளவு சீக்கிரம் நின்னுபோச்சு? விபத்து ஏதாவதா?

விபத்து காரணம் அல்ல. கணக்கு உதைத்தது, அவ்வளவுதான். ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து பூங்காவுக்குச் சாலை வழியே சுமார் 30 கிலோமீட்டர். பறப்பது சில நிமிடம்தான், ஆனால் பெட்டியை வாங்கி, இன்னொரு கவுண்டருக்குப் போய், அடுத்த விமானத்துக்குக் காத்திருந்து ஏறுவதற்குள் வாடகைக் கார்க்காரர் பாதி வழி போயிருப்பார். ஒரு நடைக்கு 19 பேர். ஒரே ஒரு பஸ்ஸில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஏறுவார்கள். குடும்பத்தோடு வருபவருக்கு நாலைந்து விமான டிக்கெட்டைவிட ஒரு கார் வாடகை மலிவு. அந்தக் கார் அடுத்த நாலைந்து நாளைக்கும் உதவும்.

பூங்காவே காருக்காகக் கட்டப்பட்டது. ஐ-4 நெடுஞ்சாலை பக்கத்தில், வாசலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் நிற்கும் பார்க்கிங். இப்படி ஓர் இடத்தில் 19 இருக்கை விமானம் கூட்டத்தில் ஒரு சதவீதத்தைக்கூடச் சுமக்க முடியாது. 1970-களின் தொடக்கத்திலேயே அட்டவணைச் சேவை நின்றது. அதன்பின் ஓடுபாதையின் அன்றாட வேலையே போய்விட்டது.

மோனோரயில் வந்ததாலதான் மூடினாங்கன்னு படிச்சேன். இப்ப வேற சொல்றீங்களே?

இரண்டும் சரி, நடந்த காலம்தான் வேறு. சேவை நின்றது பணத்தால். மறுபடி தொடங்க முடியாமல் போனதற்கு மோனோரயில் ஒரு காரணம். எப்காட் பூங்காவுக்குப் போகும் மோனோரயில் தடம் 1982-இல் திறந்தது. உயரமான தூண்கள்மேல் கான்கிரீட் உத்தரம், அதன்மேல் ரயில். அது ஓடுபாதைக்கு அருகிலேயே போகிறது.

எவ்வளவு தள்ளி இருந்தால் ஆபத்தில்லை? கருவிகள் இன்றிக் கண்ணால் பார்த்து இறங்கும் சிறு ஓடுபாதைகளுக்கு அமெரிக்காவில் ஒரு அளவு இருக்கிறது. மையக்கோட்டிலிருந்து இருபுறமும் 125 அடி, அதாவது 38 மீட்டர், தடையே இருக்கக்கூடாது. அதற்கு அப்பால் 7 மீட்டர் தள்ளிப் போகப் போக 1 மீட்டர் உயரம் அனுமதி. 10 மீட்டர் உயரத் தடை ஒன்று பக்கவாட்டில் இருந்தால் அது மையக்கோட்டிலிருந்து குறைந்தது 108 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஓடுபாதை முனைக்கு நேரே என்றால் 60 மீட்டர் விட்டு, அதன்பின் 20-க்கு 1 சரிவு. அதே 10 மீட்டர் தடை அங்கே 260 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நிற்கும் தூணைவிட ஓடும் ரயில் இன்னும் மோசம், ஏனென்றால் விமானி ஒரு முறை பார்த்தபோது காலியாக இருந்த இடத்தில் அடுத்த நிமிடம் தடை வந்து நிற்கும்.

இதில் பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. இந்தத் தடை விதிகள் பொதுப் பயன்பாட்டு விமான நிலையங்களைக் காப்பதற்காக எழுதப்பட்டவை. தனியார் ஓடுபாதைக்குப் பக்கத்தில் தூண் நட்டால் யாரும் வந்து தடுக்க மாட்டார்கள். இங்கே நிலமும் ரயிலும் ஓடுபாதையும் ஒரே உரிமையாளருடையவை. எது வேண்டும் என்று அவர்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

ஓடுபாதையை மூடுறதுன்னா என்ன? கேட்டைப் பூட்டினா முடிஞ்சது தானே?

தரையில் வருபவருக்குத்தான் கேட். மேலிருந்து வருபவர் பார்ப்பது ஒரு நேரான தார்ப்பட்டை. எரிபொருள் தீர்ந்தவர், வழி தவறியவர், மேகத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டவர் அதைப் பார்த்ததும் இறங்கலாம் என்றுதான் நினைப்பார். அதனால் மூடுவதில் முதல் வேலை பெயின்ட் வேலை. ஓடுபாதை எண், முனைக் கோடுகள், இறங்குமிடக் குறிகள் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். பிறகு இரண்டு முனையிலும், நடுவில் 1,000 அடிக்கு ஒன்றாகவும், பெரிய மஞ்சள் எக்ஸ் குறி போட வேண்டும். ஒவ்வொரு கையும் 60 அடி நீளம், 10 அடி அகலம். 2,000 அடி ஓடுபாதைக்கு மொத்தம் மூன்று எக்ஸ். இது அமெரிக்க முறை. சர்வதேச விதிப்படி ஓடுபாதையில் எக்ஸ் வெள்ளை நிறம், டாக்ஸி பாதையில், அதாவது விமானம் ஓடுபாதைக்கு உருண்டு போகும் பாதையில், மஞ்சள், இடைவெளி 300 மீட்டருக்கு மேல் போகக்கூடாது.

பழைய குறிகள்மேல் கறுப்பு பெயின்ட் அடித்து மறைப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. ஒரு வருடத்தில் வெயிலில் கறுப்பு வெளுத்துப் பழைய எண் மெல்லத் தலைகாட்டும். மழைக்குப் பின், அல்லது மாலை வெயில் சாய்வாக விழும்போது, அப்பட்டமாகத் தெரியும். சுரண்டியோ அதிக அழுத்த நீரைப் பீய்ச்சியோ எடுப்பதே சரி. அப்படி எடுத்தாலும் பெயின்டுக்கு அடியில் இருந்த தார் வெயில் படாமல் கருமையாகவே இருந்திருக்கும், அதன் நிழலுருவம் சில காலம் நிற்கும். அழித்த இடத்துக்கு வெளியேயும் சேர்த்து ஒரு செவ்வகமாகச் சுரண்டினால் எண்ணின் வடிவம் மறையும்.

அடுத்தது விளக்கு, காற்றின் திசை காட்டும் காற்றுப்பை. விளக்கு இருந்தால் மின் இணைப்பையே துண்டிக்க வேண்டும், சுவிட்சை அணைத்தால் போதாது. விமானியின் ரேடியோ பொத்தானை அழுத்தினால் எரியும் வகை விளக்குகள் தனியார் ஓடுபாதைகளில் உண்டு. மூடிய ஓடுபாதை இருட்டில் திடீரென்று எரிந்து வரவேற்பதைவிட ஆபத்தானது எதுவும் இல்லை. காற்றுப்பையைக் கம்பத்தோடு இறக்க வேண்டும். அது தொங்கினால் ‘இங்கே ஆள் இருக்கிறார்கள்’ என்று அர்த்தம்.

தனியார் ஓடுபாதையை மூட அரசாங்க அனுமதி வேணுமா?

அமெரிக்காவில் அனுமதி வேண்டியதில்லை, அறிவிப்பு வேண்டும். எஃப்.ஏ.ஏ. என்கிற விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாலே போதும். புதிதாகக் கட்டுவதற்கு 90 நாள் முன்பே படிவம் கொடுக்க வேண்டும், மூடுவதற்கு முன்கூட்டிய கெடு இல்லை. இரண்டு விதிவிலக்குகள் உண்டு. கருவிவழி இறங்குமுறை அந்த ஓடுபாதைக்கு வகுக்கப்பட்டிருந்தாலோ, பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்து வைப்போம் என்று மத்திய அரசோடு ஒப்பந்தம் இருந்தாலோ 30 நாள் முன்பே சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் 15 நாளுக்குள் முடிந்தது என்று தெரிவிக்க வேண்டும்.

சொல்லாமல் மூடினால் என்ன ஆகும் என்பதற்கு சிகாகோவின் மீக்ஸ் ஃபீல்டு சாட்சி. அது நகராட்சியின் விமான நிலையம். 2003 மார்ச் 30 இரவு மேயர் ரிச்சர்டு டேலியின் உத்தரவில் புல்டோசர்கள் ஓடுபாதையில் எக்ஸ் வடிவில் பள்ளம் தோண்டின. 16 விமானங்கள் உள்ளே மாட்டிக்கொண்டன, பிறகு டாக்ஸி பாதையிலிருந்து ஏறிப் போயின. அறிவிப்புத் தராததற்கு நகரம் கட்டிய அபராதம் 33,000 டாலர். அதோடு, விமான நிலைய நிதியிலிருந்து எடுத்த 10 லட்சம் டாலரையும் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. அந்த இடம் இன்று நார்தர்லி தீவுப் பூங்கா. இடம் பூங்கா ஆனது நல்லதுதான், ஆனால் பறந்துகொண்டிருக்கும் விமானிகளுக்குச் சொல்லாமல் ஓடுபாதையை உடைப்பதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது.

விமானிகளோட வரைபடத்துல மூடின ஓடுபாதை தெரியுமா?

சில தெரியும். அமெரிக்க வரைபடங்களில் கைவிட்ட தார் ஓடுபாதையை எக்ஸ் போட்ட வட்டமாகக் காட்டுவார்கள், ஆனால் 3,000 அடிக்குக் குறையாமல் இருந்து, வழி கண்டுபிடிக்க அடையாளமாகப் பயன்பட்டால்தான். இது 2,000 அடிதான், அந்த அளவுக்கு வராது.

இப்ப அங்க என்னதான் நடக்குது?

பூங்காவின் பின்வாசல் வேலைகள். கட்டுமானப் பொருள், வாகனங்கள் நிறுத்துவது, பஸ் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி போன்றவற்றுக்கு அந்தத் தளம் பயன்பட்டு வந்திருக்கிறது. விருந்தினருக்கு அனுமதி இல்லாத பகுதி. ‘ஏன் சும்மா கிடக்கிறது’ என்று கேட்பவர்கள் நிறைய. இவ்வளவு பெரிய பூங்காவுக்குச் சமதளமான, வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற, பார்வையாளர் கண்ணில் படாத தார்த் தளம் கிடைப்பது அரிது. அது சும்மா கிடக்கவில்லை.

விமானமே இறங்கின தளம், பஸ்ஸைத் தாங்காதா?

இந்தக் கேள்விக்கு ‘தாங்கும்’ என்று பதில் சொல்லிக் கெட்டுப்போன தளங்கள் ஏராளம். விமானம் என்றாலே பெரிய எடை என்று மனதில் பதிந்துவிட்டது. ட்வின் ஆட்டரின் மொத்த எடையே 5.67 டன். அதில் ஏறக்குறைய 5 டன் முக்கியச் சக்கரங்கள்மேல் விழும். 12 மீட்டர் நகரப் பேருந்து ஆள் ஏறினால் 18 டன், பின் அச்சில் மட்டும் சுமார் 11 டன். தார்ச்சாலைச் சேதம் அச்சு எடையின் நாலாம் மடியில் கூடும் என்பது 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் நடந்த பெரிய சாலைச் சோதனையில் தெரிய வந்த விதி. 11-ஐ 5-ஆல் வகுத்தால் 2.2. அதன் நாலாம் மடி 23. ஒரு பேருந்தின் பின் அச்சு ஒரு முறை போவது, ட்வின் ஆட்டர் 23 முறை போவதற்குச் சமம்.

நிறுத்தி வைப்பது ஓட்டுவதைவிடக் கொடுமை. தார் வெயிலில் மெதுவாக ஓடும் பொருள். கோடையில் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரிக்குப் போகும்போது ஒரே இடத்தில் நாள் முழுக்க நிற்கும் சக்கரம் குழி போடும். குழியில் தண்ணீர் தேங்கும், தேங்கிய நீர் அடித்தள ஜல்லிக்குள் இறங்கும், பிறகு முதலைத் தோல் மாதிரி வெடிப்பு விடும். புளோரிடாவில் நிலத்தடி நீர் சில அடியிலேயே இருப்பதால் ஒரு முறை ஊறிய அடித்தளம் எளிதில் காயாது. இதற்கு மேல் டீசல் சொட்டு வேறு. டீசல் தாரைக் கரைத்துவிடும், ஜல்லி தனித்தனியாகக் கையோடு வரும்.

எனவே பஸ் நிறுத்தும் முன் செய்ய வேண்டியவை: நீளவாக்கில் 50 மீட்டருக்கு ஒன்றாகத் தளத்தைத் துளைத்து மாதிரி எடுத்து, தார், ஜல்லி இரண்டின் கனத்தையும் அளப்பது. எடையை விழவிட்டுத் தளம் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கும் சோதனை. பலவீனமான இடங்களை வெட்டி எடுத்துப் புதிதாக நிரப்புவது. அதன்பிறகே 5 சென்டிமீட்டருக்குக் குறையாத புதுத் தார்ப் பூச்சு. வெடித்த தளத்தின்மேல் நேரடியாகப் பூச்சுப் போட்டால் பழைய வெடிப்பு ஒன்றிரண்டு ஆண்டில் அப்படியே மேலே வந்துவிடும். பஸ் சக்கரங்கள் நிற்கும் இடத்தில் மட்டும் கான்கிரீட் பட்டை போடுவது செலவுதான், ஆனால் அதுதான் நிலைக்கும்.

ஒரு ஓடுபாதையில எத்தனை பஸ் நிறுத்தலாம்?

610 மீட்டர் நீளம், 23 மீட்டர் அகலம் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். 45 டிகிரி சாய்வில் 12 மீட்டர் பஸ்களை ஒரு ஓரமாக நிறுத்தினால், பஸ் பிடிக்கும் ஆழம் சுமார் 10 மீட்டர், போகவர 9 மீட்டர், மீதி ஓரம். 3.6 மீட்டர் அகலத் தடம் சாய்வாக நிற்கும்போது ஓரத்தில் 5.1 மீட்டர் எடுக்கும். காகிதத்தில் 119 பஸ் வரும். தீயணைப்பு வண்டிக்கு இடைவெளி, இரண்டு முனையிலும் நுழைவு விட்டால் 100.

ஆனால் திருப்பம் இடிக்கும். 12 மீட்டர் பஸ் ஒரே வளைவில் திரும்ப 26, 27 மீட்டர் விட்டம் வேண்டும். 23 மீட்டரில் முடியாது. அதனால் ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியேறும் ஒருவழிப் பாதையாக அமைக்க வேண்டும், அல்லது முனையில் விமானம் திரும்பும் அகலப்பகுதி இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். ஓட்டுநர் பயிற்சிக்கு இதே குறுகல் ஒரு வசதி. கூம்பு வைத்து ரிவர்ஸ், தடம் மாறுதல், நேர்கோட்டில் திடீர் பிரேக் எல்லாவற்றுக்கும் நீளமான நேர்ப்பாதை போல ஒன்று கிடைக்காது.

அந்த ரன்வே பாட்டுப் பாடுமாமே?

ஓடுபாதையின் ஒரு பகுதியில் பள்ளக் கோடுகள் வெட்டியிருந்தார்கள், மணிக்கு 45 மைல் வேகத்தில் வண்டி போனால் டிஸ்னியின் புகழ்பெற்ற பாட்டு ஒன்றின் மெட்டு ஒலிக்கும் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இது எப்படி வேலை செய்யும் என்பது எளிது. 45 மைல் என்றால் நொடிக்கு 20 மீட்டர். 7.7 சென்டிமீட்டருக்கு ஒரு பள்ளம் இருந்தால் சக்கரம் நொடிக்குச் சுமார் 260 முறை தட்டும், நடு ‘ஸ’ போலக் கேட்கும். 4.6 சென்டிமீட்டர் என்றால் 440. அரை நொடி நீளும் ஒரு ஸ்வரத்துக்கு 10 மீட்டர் பள்ளக் கோடுகள் தேவை.

விமானத்துக்கு இது பொருந்தாது என்பதையும் கவனிக்க வேண்டும். இறங்கும் விமானம் நொடிக்கு நொடி வேகம் குறைகிறது, சுருதியும் கூடவே இறங்கிக்கொண்டே வரும். காரில் ஒரே வேகத்தில் போனால்தான் மெட்டு நிற்கும். வெட்டும்போது ஒரு தவறும் எளிதில் நேரும். கலிபோர்னியாவின் லங்காஸ்டரில் 2008-இல் போட்ட இசைச்சாலையில் பள்ளங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்தவர்கள் பள்ளத்தின் அகலத்தைச் சேர்க்க மறந்தார்கள், அதனால் ஸ்வர இடைவெளிகள் எல்லாம் பிசகிவிட்டன. இன்னொன்று: பஸ் நிறுத்தப் புதுத் தார் பூசினால் பள்ளம் மூடி, பாட்டு போய்விடும். முந்தைய பதிலில் சொன்ன 5 சென்டிமீட்டரும் இந்தப் பள்ளங்களும் ஒன்றாக இருக்க முடியாது.

பேசாம தாரைப் பெயர்த்துட்டு காடாக்கிடலாமே? இல்ல சோலார் போடலாமே?

மேலே எடுத்த அதே அளவுகளில், 5 சென்டிமீட்டர் தார் என்றால் சுமார் 700 கன மீட்டர், 1,650 டன். 20 டன் லாரியில் 80 நடைக்கு மேல். தார் வீணாகாது, சுரண்டி எடுத்ததைப் புதுத் தாரில் கலக்கலாம். ஆனால் தாரை எடுத்தால் மட்டும் காடு வராது. அடியில் இறுகிய ஜல்லி கிடந்தால் வேர் இறங்காது, களைதான் முளைக்கும். ஜல்லியையும் எடுத்து, கீழ் மண்ணை அரை மீட்டராவது கிளறி, பிறகு அந்த மண்ணுக்கு உரிய மரங்களை நட வேண்டும். ஓரத்து வடிகாலை முதலில் பார்க்க வேண்டும். ஓடுபாதை நீரை இருபுறமும் வடியும்படி நடுவில் உயர்த்திக் கட்டப்பட்டது. அதை எடுத்தால் நீர் போகும் திசையே மாறும், அந்தப் பகுதியில் அதற்குத் தென் புளோரிடா நீர் மேலாண்மை மாவட்டத்தின் விதிகள் உண்டு.

சோலாருக்கு இடம் சிறிது. 14,000 சதுர மீட்டர் என்றால் மூன்றரை ஏக்கர், ஒரு மெகாவாட்டுக்குக் கீழே. டிஸ்னி வேர்ல்டுக்கு அருகே 2019-இல் வந்த சோலார் பண்ணை 270 ஏக்கர், 50 மெகாவாட். அதோடு ஒப்பிட்டால் இந்தப் பட்டையை மின்சாரத்துக்குக் கொடுப்பதில் அர்த்தம் இல்லை.

பழைய ரன்வேன்னா மண்ணு விஷமாயிருக்குமா?

தளத்துக்கு அடியில் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. விமானம் நின்ற இடம், எரிபொருள் நிரப்பிய இடம், தீயணைப்பு நுரை பயிற்சி நடந்த இடம், இந்த மூன்றையும் தேட வேண்டும். எந்த ஓடுபாதையிலும் நிலத்தடித் தொட்டி இருந்திருந்தால் அதைத் தோண்டி எடுத்து, குழியின் அடியிலும் பக்கங்களிலும் மண் மாதிரி எடுத்த பிறகே மூட வேண்டும். தொட்டியைவிடக் குழாய் இணைப்புகள்தான் அதிகம் கசியும்.

நம்ம சோழவரம் மாதிரி ரேஸ் டிராக் ஆக்கியிருக்கலாமே?

நல்ல ஒப்பீடு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை திறந்த பின்தான் அது ஓய்ந்தது. போர்க்கால ஓடுபாதைகள் குண்டுவீச்சு விமானங்களுக்காகக் கட்டப்பட்டவை. நீளம், அகலம், தளத்தின் உறுதி எல்லாம் பந்தயத்துக்குப் பொருந்தின. இங்கே 610 மீட்டர் ஒற்றைப் பட்டை, முனையில் வேகத்தைக் குறைக்கவே இடம் இல்லை.

டிஸ்னியும் பந்தயம் நடத்தியது, ஆனால் அதற்கென்று மேஜிக் கிங்டம் பார்க்கிங்குக்குப் பக்கத்தில் புதிதாகப் பாதை கட்டியது. 1996 ஜனவரியில் முதல் இண்டி கார் பந்தயம். 2015-இல் அதையும் மூடி இடித்துவிட்டார்கள். ஓடுபாதை அதைவிட அதிக நாள் நிலைத்துவிட்டது.

வால்ட் டிஸ்னியோட சொந்த விமானம் அங்கதான் இறங்குமாமே?

அது கல்ஃப்ஸ்ட்ரீம் I. முழு எடையில் 16 டன் வரும், புறப்பட இந்த ஓடுபாதையைப்போல இரு மடங்கு நீளம் வேண்டும். 1992-இல் அந்த விமானம் ஓய்வுபெற்று டிஸ்னி வேர்ல்டுக்கு வந்தபோதுகூட இறங்கியது பக்கத்தில் இருக்கும் வேர்ல்டு டிரைவ் என்ற சாலையில்தான். இப்போது அது கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என்னைக்காவது திரும்பத் திறப்பாங்களா? அவசரம்னா இறங்கலாமா?

தளத்தைப் பழுது பார்ப்பது பணம் இருந்தால் முடியும். மோனோரயிலை நகர்த்த முடியாது. அதற்கும் மேலே சட்டம் இருக்கிறது. 2003-இல் அமெரிக்க நாடாளுமன்றம் டிஸ்னி வேர்ல்டைச் சுற்றி 3 கடல்மைல் ஆரத்தில், தரையிலிருந்து 3,000 அடி வரை வான்தடை விதித்தது. ‘தற்காலிகம்’ என்று பெயர், இன்றும் நீக்கப்படவில்லை. அனுமதி பெறாத சிறு விமானம் எதுவும் அந்த உயரத்துக்குக் கீழே அங்கே வரக்கூடாது. டிரோனுக்கும் இதே தடை பொருந்தும், ஓடுபாதையை மேலிருந்து படம் எடுக்க நினைப்பவர்கள் கவனிக்க.

உண்மையான அவசரத்தில் எந்த விதியையும் மீற விமானிக்கு உரிமை உண்டு. ஆனால் இந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது தவறான முடிவு. தளத்தில் வாகனமோ கட்டுமானப் பொருளோ நிற்கலாம், ஆட்கள் இருக்கலாம், பக்கத்தில் மோனோரயில் உத்தரம். முழு நீளத்துக்கு ஓடுபாதைகள் கொண்ட ஆர்லாண்டோ சர்வதேச விமான நிலையமும், கிஸ்ஸிமீ விமான நிலையமும் சில நிமிடப் பறத்தலில் இருக்கின்றன.